நாலு மூட்டை சுண்ணாம்பு

நான் மூன்றாவதோடு நின்றவள். என் மகள் பன்னிரண்டாவதில் கெமிஸ்ட்ரி படித்தாள். அந்தக் கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் இன்னும் கூடுதலாகவே இருந்தது.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். இரும்புச் சாமான்களை ஆசிட்டில் போட்டுக் கழுவுகிற ஒரு சின்ன யூனிட்டில் எனக்கு வேலை. கழிவுத் தொட்டியில் இரண்டு மூட்டை சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்கி, ஏரிக் கால்வாயில் திறந்துவிடுவோம். சுண்ணாம்பு போட்ட பிறகும் அந்தத் தண்ணீர் பட்டால் என் கால் எரியும்.

மகளிடம் சொன்னேன். தொட்டிமேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து எழுதிவரச் சொன்னாள். தெரியாத எழுத்தையெல்லாம் பார்த்தபடி வரைந்து கொண்டுபோனேன்.

"இது சல்பியூரிக்மா. ரெண்டு ஹைட்ரஜன் கீது. உங்க சூப்பர்வைசரு ஒண்ணுக்குத்தான் கணக்கு போட்டுக்கினு கீறாரு. நாலு மூட்டை போடணும்."

மறுநாள் எல்லார் முன்னாலும் சூப்பர்வைசரிடம் சொன்னேன். தனியாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"இன்னாம்மா, வூட்லயே லேப் வச்சிக்கினு கீறியா? இட்டாந்து காட்டு உன் விஞ்ஞானிய," என்று சிரித்தார்.

சனிக்கிழமை கூட்டிப்போனேன். பள்ளிக்கூட யூனிஃபார்மையே போட்டுக்கொண்டு வந்தாள். அவள் நீட்டிய நோட்டை அவர் நிதானமாகப் பார்த்து, ஓரிடத்தில் வட்டம் போட்டார்.

"பிஎச் புள்ளி ஏழுன்னு போட்டுக்கிற. ரெண்டும் முழுசா கழண்டாதான் அது. மொதல் ஹைட்ரஜன் முழுசா கழலும். ரெண்டாவது பத்துல ஒரு பங்குதான். அப்போ பிஎச் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா சுண்ணாம்பு போடப் போட மீதியும் கழண்டுகினே வரும். அதனால நாலு மூட்டைன்றது கரெக்ட்தான், பாப்பா."

"தேங்க்ஸ் சார்," என்றாள் மகள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு தெரிந்த மனிதர், தெரிந்தேதான் இத்தனை நாளும் இரண்டு மூட்டை போட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை வாட்ச்மேன் என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டான்.

வீட்டில் மகள் அழுதாள். "நான் பிஎச்ச தப்பா போட்டதாலதானம்மா?" என்றாள். இல்லையடி என்றேன், கேட்கவில்லை. அந்த வாரம் பூராவும் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். கடைசியில் அவர் சொன்ன விடையே வந்ததும், அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து என் கையில் வைத்தாள்.

"இத்த சார்கிட்ட காட்டும்மா. திரும்ப சேத்துக்குவாரு."