ஆடி ஒன்றில் காணாமல் போன கேஜ்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது புகை. சாலைத் திருப்பத்துப் புளியமரத்துக்கு மேல் அது கறுப்பாக எழுந்தது. அதற்குப் பிறகுதான் பஸ்ஸின் மூக்கு தெரிந்தது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத காலம். சேலத்திலிருந்து பரமத்தி வேலூருக்கு வந்த பஸ், பின்பக்கம் ஒரு பெரிய இரும்பு உருளையைக் கட்டிக்கொண்டு, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையின் பலத்தில் ஓடியது. ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். நேரம் எனக்கு இத்தனை துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் முதல் காரியமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு பத்து. நாப்பது நிமிசம் லேட்டுங்க மச்சான்" என்று என் அப்பாவிடம் சொன்னார்.

அவர் என் அத்தையின் கணவர். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது பத்தொன்பது வயது. எனக்கு எட்டு. அவர்களுக்கு வைகாசியில் கல்யாணம் நடந்தது. நான்காம் நாளே பெங்களூரிலிருந்து தந்தி வந்து மாமா கிளம்பிவிட்டார். அங்கே விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. குடும்பத்தோடு இருக்க வீடு அமையும் வரை அத்தை எங்களோடு இருப்பது என்று ஏற்பாடு. அன்றிலிருந்து, காலை பஸ் ஹாரன் கேட்டாலும் மாலை பஸ் ஹாரன் கேட்டாலும், அத்தை கையிலிருக்கும் வேலையை நிறுத்துவாள். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அதை அவள் அறிந்து செய்தாளா என்று தெரியாது.

அன்று ஆடி ஒன்று. எங்கள் பக்கத்தில் அது தேங்காய் சுடும் பண்டிகை; நோம்பி என்போம். புது மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைக்க வேண்டும். பொழுதுக்குள் அனுப்பியும் விட வேண்டும். ஆடி மாதத்தில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றாகத் தங்கக் கூடாது. ஏன் என்று கேட்டேன். "ஆகாதுன்னா ஆகாது. போய்ப் பல்ல வெளக்கு" என்றாள் அம்மா. வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லாததால் இந்த விதிகளுக்கெல்லாம் அம்மாதான் காவல். மாமாவுக்குக் கிடைத்திருந்ததும் ஒரே நாள் லீவு. மாலை நாலு மணி பஸ்ஸில் சேலம் போய், அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும்.

அவருடைய சட்டைப் பையில் தட்டையான தகரப் பெட்டி ஒன்று இருந்தது. திறந்து காட்டினார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் எஃகுத் தண்டு; அதன் நுனியில் குருவி அலகு போல விரியும் இரண்டு தகடுகள்; மேலே அரைவட்டப் பித்தளையில் கோடுகளும் ஒரு முள்ளும். விமானத்தின் இறக்கைத் தகட்டில் ஆணி இறங்கும் துளைக்கு வாய் மட்டும் சாய்வாக அகன்றிருக்க வேண்டுமாம். அந்தப் பள்ளத்தில் ஆணியின் தலை உட்கார்ந்து தகட்டோடு தகடாக மறைந்துவிடும். சாய்வு பிசகினால் தலை துருத்தும். மேலே போனபின் காற்று அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சாய்வை அளக்கத்தான் இந்தக் கருவி; அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்டர் வேலை மாமாவுக்கு. மாமா அதைக் கேஜ் என்றார். முந்தின நாள் வேலை முடிந்தபோது சாமான் அறையைப் பூட்டிவிட்டார்கள். பையில் போட்டதை அப்படியே கொண்டுவந்துவிட்டார். அங்கே இந்தப் பெட்டி இருந்த இடத்தில், அவருடைய எண் பொறித்த பித்தளை வில்லை ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். கேஜைக் கொடுத்தால்தான் வில்லை திரும்பக் கிடைக்கும்.

மாமாவிடம் அளக்கச் சொல்ல எனக்கு ஒன்று இருந்தது. மாட்டுக் கொட்டகைச் சுவரோரப் புழுதியில் குழிநரிப் பூச்சிகள் புனல் புனலாகப் பள்ளம் பறித்து, அடியில் பதுங்கி, எறும்பு சறுக்கி விழக் காத்திருக்கும். மாமா நோம்பி வேட்டியோடு குப்புறப் படுத்து ஒரு பள்ளத்தில் கேஜை இறக்கினார். அலகு பட்டதும் மண் சரிந்தது. அடியிலிருந்த பூச்சி மண்ணை வாரி மேலே எறிந்தது.

"பாத்தியா சாமி, இன்ஸ்பெக்டரையே அடிக்கறான்" என்றார்.

அடுத்தது தேங்காய். நார் உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, மஞ்சள் பூசி, ஒரு கண்ணைத் துளைத்து, அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் எள்ளும் அடைத்து, அழிஞ்சிக் குச்சியால் அடைப்பது வழக்கம். குச்சி சரியாக உட்காராவிட்டால் வெல்லப்பாகு நெருப்பில் ஒழுகிப் போகும். மாமா கண்ணின் வாயைச் சாய்வாகச் சீவி, கேஜால் அளந்து, குச்சியின் நுனியையும் அதே சாய்வுக்குச் சீவினார். அத்தை தேங்காயைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவர்கள் அருகருகே உட்கார்ந்தது அப்போதுதான். முதல் தேங்காய்க்கு நூறு டிகிரி என்றார். இரண்டாவதற்கும் நூறு டிகிரி என்றார். மூன்றாவதை அளக்க வெகுநேரம் ஆயிற்று.

"ஏனுங் தம்பி, தேங்காய்க்கு ரெக்கை கட்டிப் பறக்க உடப் போறீங்களா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். அத்தை எழுந்து உள்ளே போனாள்.

வழக்கமாகச் சாயங்காலம் சுடுவதை மாமாவுக்காக மத்தியானமே சுட்டோம். ஒரு தேங்காய்கூட ஒழுகவில்லை.

மூன்று மணி இருக்கும். அப்பாவும் மாமாவும் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் சட்டை முன்கூடமான ஆசாரத்து ஆணியில் தொங்கியது. இன்னொரு வெல்லக்கட்டி எடுக்கலாம் என்று நான் உள்ளே போனேன். தானியப் பானைகள் இருந்த மூலையில் அத்தை நின்றிருந்தாள். அவள் வலது கை கம்புப் பானைக்குள் முழங்கை வரை போயிருந்தது. சட்டையைப் பார்த்தேன், பை தட்டையாக இருந்தது. அத்தை கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"சொல்லிப்போடாத சாமி" என்றாள். அவ்வளவுதான். மிரட்டவும் இல்லை, எதுவும் தருவதாகவும் சொல்லவில்லை.

நான் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. சட்டையைப் போட்ட மாமா பையைத் தொட்டார், வேட்டி மடிப்பைத் தொட்டார், கைப்பையைக் கவிழ்த்தார். யாரைவிடவும் அம்மாதான் பதறினாள். பஸ்ஸுக்கு அரை மணிதான் இருந்தது. அவள் பாயை உதறினாள், உரலைச் சாய்த்தாள், சுட்ட தேங்காய் ஓடுகளைக்கூடக் கிளறினாள். என் கையைப் பிடித்து முறுக்கி, "எடுத்தியாடி? நெசத்தச் சொல்லு" என்றாள். நான் இல்லை என்றேன். அது உண்மை.

"அது கெடைக்காட்டிப் போவுது, நீங்க கெளம்புங்க மாப்ள. கெடைச்சதும் நானே கொண்டாந்து தாரேன்" என்றார் அப்பா.

"இல்லீங்க மச்சான். ஒரு நா லேட்டாப் போனா வைவாங்க, அவ்வளவுதான். அது இல்லாமப் போனா திருட்டுன்னு எழுதிப்போடுவாங்க. யுத்த காலம். ஜெயிலுங்க."

அத்தை பானைகளுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்கு விளக்குமாறு நின்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிறகு விளக்குமாறு மறுபடி அசைந்தது.

பஸ் வந்து திருப்பத்தில் நின்றது. கண்டக்டர் வாசல் வரை நடந்து வந்து, "மாப்பிள்ளை வாராருங்களா, இல்லீங்களா? நின்னபடிக்கே கரி எரியுதுங்க" என்றார். மாமா மறுபடி கைப்பையைக் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. அத்தை பெருக்குவதை நிறுத்தவில்லை. ஹாரன் கேட்டு அவள் நிறுத்தாதது அதுவே முதல் தடவை.

அம்மா அப்போதும் தளரவில்லை. மாமாவுக்குக் கொடிக்காலில் இருக்கும் காவல் குடிசையில் படுக்கை என்று சொல்லிவிட்டாள். வெற்றிலைக் கொடிக்கால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு வாய்க்கால் தாண்டி இருந்தது. அத்தையின் பாயைத் தனக்கும் எனக்கும் நடுவில் விரித்தாள்.

காலையில் நான் விழித்தபோது நடுப்பாய் சுருட்டி வைத்திருந்தது. அத்தை தண்ணீர்த் தொட்டியருகே கால் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்கால் வரை கொடிக்கால் சேறு, பாதி காய்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. இந்த நேரத்தில் வெற்றிலை கிள்ளப் போனாளா என்று நினைத்தேன். கையில் வெற்றிலை இல்லை. தேங்காய் சுட்டபோதுகூட இல்லாத ஏதோ ஒன்று அவள் முகத்தில் இருந்தது. அதற்கு அப்போது என்னிடம் சொல் இல்லை.

சற்று நேரத்தில் அவள் கொட்டகைப் பக்கமிருந்து தகரப் பெட்டியோடு வந்தாள்.

"கெடைச்சிருச்சுங்க நங்கை" என்று அம்மாவிடம் சொன்னாள். அண்ணன் மனைவியை அவள் அப்படித்தான் அழைப்பாள். "பாப்பாதான் நரிக்குழியில பொதச்சு வெச்சிருக்கறா."

அம்மா என் மண்டையில் இரண்டு குட்டு வைத்தாள். மூன்றாவதற்கு அப்பா குறுக்கே வந்தார். நான் அழவில்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்கள் தரையில் இருந்தன.

மாமா பெட்டியைத் திறந்து, கேஜை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். அலகுகளின் இடுக்கிலிருந்து ஒரே ஒரு கம்பு மணி விழுந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அத்தையை நிமிர்ந்து பார்த்தார்; கையை மூடிக்கொண்டார்.

"என்னுங் தம்பி, மண்ணு ஏறிப்போச்சா?" என்றாள் அம்மா.

"ஆமாங்க்கா. மண்ணுதான்."

பெரியவர்கள் இரண்டு பேர் ஒரே காலையில் ஒரே விஷயத்தில் பொய் சொன்னதை நான் கண்டது அதுதான் முதல் முறை. பழி மட்டும் என் தலையில் இருந்தது. சேலம் திரும்பும் ஏழு ஐம்பது பஸ்ஸுக்கு மாமா கிளம்பினார். போகும்போது என் தலையில் குட்டு விழுந்த இடத்தில் கை வைத்து, "வாரேன் சாமி" என்றார். ஹாரன் அடித்தபோது அத்தை உரலில் கம்பைப் போட்டு உலக்கையை ஓங்கியிருந்தாள். ஓங்கியபடியே நின்றாள்.

ஆவணியில் கடிதம் வந்தது. அத்தை முதலில் தனியாகப் படித்தாள், பிறகு எங்களுக்குப் படித்தாள். கேஜை ஒப்படைத்து வில்லையை வாங்கிக்கொண்டதாகவும், ஒரு நாள் தாமதத்துக்காக அளக்கும் வேலையிலிருந்து நீக்கிப் பழையபடி துளை போடும் வேலைக்கு அனுப்பிவிட்டதாகவும், இனி யுத்தம் முடியும் வரை யாருக்கும் லீவு இல்லை என்றும் எழுதியிருந்தார். வருத்தமில்லை என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அத்தை இரண்டு முறை படித்தாள்.

புரட்டாசியில் ஒருநாள் காலை அத்தை கொடிக்கால் வரப்பில் குத்தவைத்து வாந்தி எடுத்தாள். அம்மா அவள் முதுகைத் தடவினாள். வீட்டுக்கு வந்த அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பத்தாவது விரலை மடக்கும்போது "சித்திரை" என்று முணுமுணுத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு அந்தப் பொட்டிய நீதான் எடுத்தியா?"

சொல்லிவிடாதே என்று அத்தை கேட்டுக்கொண்டது எனக்கு நினைவிருந்தது. "ஆமா" என்றேன்.

அம்மா என்னைக் குட்டவில்லை. எழுந்து போய் ஒரு பெரிய வெல்லக்கட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தலையை, குட்டு விழுந்த இடத்திலேயே, இரண்டு முறை தடவினாள். தப்பை ஒப்புக்கொண்டதற்குத்தான் வெல்லம் என்று நினைத்தேன். அப்படியே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை மூன்றாம் நாள், பகல் பன்னிரண்டே காலுக்கு, அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது.