மூட்டைக்கு வந்த காய்ச்சல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கிருஷ்ணன் போனில் அழைத்தார். (தேதியையும் குறித்து வைத்திருக்கிறேன். அது என் வியாதி, உங்களுக்கு வேண்டாம்.)

"ஏனுங்க சார், வாட்டற ரூம்ல சூடு நாப்பத்தஞ்சு காட்டுதுங்க. ஹீட்டரை நிறுத்தச் சொல்லிட்டேன்."

கிருஷ்ணன் கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர், அதாவது தூள் தயாரிப்புக்குப் பொறுப்பாளர். பறித்து வந்த இலையை மாடியில் நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி வாட வைப்பார்கள். மழைக்காலத்தில் சூடான காற்று. மாலைக்குள் வாடாவிட்டால் அரைக்க முடியாது; ஈர இலையை அரைத்தால் தூளுக்கு நிறம் வராது; நிறம் வராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கிருஷ்ணன்.

அந்த மாடியின் வெப்பத்தை அளக்க, தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றை வைத்துக் கொடுத்தது நான். அதன் வயர் கீழே ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வரும். அதில் என் புரோகிராம்.

ஒரே ஒரு தொல்லை. இப்படிச் செருகும் ஒவ்வொரு கருவிக்கும் கம்ப்யூட்டர் ஒரு போர்ட் எண் கொடுக்கும். இன்று இந்த ஓட்டையில் செருகினால் ஐந்து, நாளை பக்கத்து ஓட்டையில் ஏழு. தினமும் எண்ணைத் தேடிச் சலித்த கிருஷ்ணன், மிஷினே மிஷினைக் கண்டுபிடிக்காதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் தன்மானத்தையும் சீண்டிய கேள்வி.

எழுதினேன். சின்ன எண்ணிலிருந்து ஒவ்வொரு போர்ட்டாகத் திறந்து பார். எது முதலில் ஓர் எண்ணைச் சொல்கிறதோ, அதுதான் நம் போர்டு. வீட்டில் அபாரமாக வேலை செய்தது. திங்கட்கிழமை மாலை ஃபேக்டரியிலும் செய்தது. செய்யாமல் என்ன? இரண்டு இடத்திலும் பேசியது ஒரே ஒரு ஆள்தானே…

அந்தச் செவ்வாய் காலையே மறுபடி போன். "இப்ப ஒம்பதுங்க." சற்று நேரத்தில், "முப்பத்தெட்டுங்க." எந்த ஊர் சீதோஷ்ணம் இப்படிக் குதிக்கும்? பஸ் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை. மாடியில் இலை நனைந்த துணி மாதிரி கிடந்தது. ஹீட்டர் நின்றபடியே இருந்தது. ஆபீஸில் நானும் கிருஷ்ணனும் திரை முன்னால் நின்றோம். நாற்பத்திரண்டு டிகிரி. எப்படி இவ்வளவு சூடு என்று விவாதித்துக்கொண்டே இருவரும் ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டோம்.

ஒரு பிடி இலையை அமுக்கியே வாட்டத்தைச் சொல்லிவிடுபவர் கிருஷ்ணன். அன்று ஏன் அமுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எழுதுன புரோகிராமுங்களே."

இதைவிட மோசமாக என்னை யாரும் திட்டியதில்லை.

அப்போது ஜீப்பில் இலை வந்தது. ஜன்னலுக்கு வெளியே எலக்ட்ரானிக் தராசில் கிடந்த மூட்டையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். எங்கள் திரையில் முப்பத்தாறு. இறக்கினார்கள். பூஜ்யம். அடுத்த மூட்டை… நாற்பத்தொன்று.

கிருஷ்ணன் மெதுவாகத் திரும்பினார். "ஏனுங்க சார், மூட்டைக்குக் காய்ச்சலுங்களா?"

தராசும் அதே கம்ப்யூட்டரில்தான் செருகியிருக்கிறது; திங்கள் மாலை இலை வராததால் அணைந்து கிடந்தது. அதுவும் எண்தான் பேசும். என் போர்டு ஐந்து, தராசு மூன்று. என் புரோகிராம் முதல் குரலிலேயே திருப்தியடைந்து, கிலோவை டிகிரியாக எழுதிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கம்ப்யூட்டரில் எடை வரவில்லை, கையால் எழுதுகிறோம் என்று ஆபீஸில் சொன்னார்கள்தான். அது வேறு கோளாறு என்று நினைத்தோம். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும். தராசை நான் பிடித்து வைத்திருந்தேன்.

ஹீட்டரைப் போட்டார்கள். அன்றைய அரைப்பு வெகுநேரம் தள்ளிப்போனது. தூள் தப்பியது, நிறம் கொஞ்சம் மட்டு என்றார் கிருஷ்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

முதலில் பேசியவரை நம்புவது புரோகிராமின் குணம் மட்டுமா? எங்கள் தெரு நலச் சங்கத்தில் முதலில் எழுந்து நாலு எண்களைச் சொன்னவர்தான் இன்றுவரை பொருளாளர்.

இப்போது என் புரோகிராம் ஒவ்வொரு போர்ட்டிலும் "நீ யார்?" என்று கேட்கிறது. போர்டுக்கு நான் வைத்த பெயர், "வாட்டறை", பதிலாக வந்தால் மட்டுமே நம்புகிறது. போர்ட்டைத் திறந்ததும் போர்டு ஒருமுறை தூங்கி எழுந்துதான் வாய் திறக்கும். அதுவரை பொறுத்திருக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தவறே வருவதில்லை.

கிருஷ்ணன் திரையை மரியாதையாகப் பார்க்கிறார். பிறகு மாடி ஏறி ஒரு பிடி இலையை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார்.

இலையிடம் மட்டும் அவர் பெயர் கேட்பதில்லை!