தடுமாறாமல் சொன்ன பதில்

வாளையாரில் லாரிச் சத்தம் ஓயாத ஒரு வீட்டின் பின்னறையில், ஞாயிறுதோறும் ஒன்பது பிள்ளைகளுக்கு பைபிள் வகுப்பு எடுக்கிறேன். மதம் மாற்றுகிறோம் என்று பைக்கில் வந்த சிலர் எங்கள் ஜெபவீட்டின் மேல் கல்லெறிந்த பிறகுதான் இந்த அறைக்கு வந்தோம். பாட்டுக்குக் கைதட்ட விடமாட்டேன். வாசலில் பைக் நின்றாலே பாடத்தை நிறுத்திவிடுவேன். "யாராச்சும் கேட்டா கணக்கு டியூசன்னு சொல்லோணும்" என்று வாரம் தவறாமல் சொல்லி, மடியில் கணக்கு நோட்டையும் விரித்து வைக்கச் சொல்வேன்.

அன்றைக்குப் பத்துக் கட்டளைகள் பாடம். தப்பில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுப்பது எங்கள் வழக்கம். ஏழு வயது ஜெனிஃபர், பொய் சொல்லக் கூடாது என்கிற ஒன்பதாவதில் வந்து மூன்று தடவையும் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார்கள். பைபிளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். ஒருவர் ஜெனிஃபர் முன்னால் குனிந்து, "ஏங்கண்ணு, இங்க என்ன படிக்கறீங்க?" என்றார்.

"கணக்கு டியூசனுங்கண்ணா."

துளிக்கூடத் தடுமாறவில்லை. அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

பைக் சத்தம் ஓய்ந்ததும், "கரெக்டாச் சொன்னனுங்களா டீச்சர்?" என்று கேட்டு, கையை நீட்டினாள்.

மிட்டாயைக் கொடுத்தேன்.

பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. வகுப்பு இன்றும் நடக்கிறது. ஒன்பதாவது கட்டளையை மட்டும் அவளை ஒப்பிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.