நல்ல தண்ணிதான் என்று சொன்னேன்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கோபக்காரி பொய் சொல்லமாட்டாள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையில் இத்தனை வருடமும் நான் நன்றாகக் குளிர்காய்ந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது. ஊர்காவற்றுறையில் ஒரு மெக்கானிக்கின் பெயரை நான் கெடுத்தேன். அந்த மனிதர் ஒரு பிழையும் விடவில்லை.

எங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. என் கணவருக்குக் கார் ஓடத் தெரியாது, நான்தான் ஓடுகிறேன். வேலணையில் வீடு, நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ஊர்காவற்றுறையில். எங்கள் தெருக்களில் நாற்பதுக்கு மேல் ஓடினால் காரும் மிஞ்சாது, முதுகும் மிஞ்சாது. நாலு வருடமாக அந்தக் கார் ஒரு வருத்தமும் சொல்லாமல் ஓடியது. பிறகு கிளிநொச்சியில் இருக்கும் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கப் புறப்பட்டபோதுதான் முதன்முதலாகக் கண்டி வீதியில் வேகம் எடுத்தேன். ஆனையிறவு தாண்டி, நேரான தெரு, எண்பதில் போகிறேன். வெப்பம் காட்டும் முள் மெல்ல எழும்பிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பயந்துபோய் நாற்பதுக்கு இறக்கினேன், முள்ளும் இறங்கியது. திரும்ப எண்பதுக்குப் போனேன், திரும்ப ஏறியது. கடைசியில் எஞ்சின் மூடிக்குள்ளிருந்து ஆவி வந்தது. தெருவோரத்தில் ஒரு மணித்தியாலம் நின்றேன்.

அடுத்த நாளே அந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வள்ளத்து எஞ்சின்களில் தொழில் பழகி, பிறகு கார்களுக்கு வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். அவர் பேசாத குறையைத் தீர்க்கவென்றே கராஜ் வாசலில் பழைய ரயர்களில் எப்போதும் மூன்று நாலு பேர் குந்தியிருப்பார்கள். நான் இறங்க முதலே அதில் ஒருவர், ரீச்சர் கைப்பிறேக்கைப் போட்டபடியே கிளிநொச்சிக்குப் போயிருப்பா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெக்கானிக் சிரிக்கவில்லை. ஆறுதலாக விளக்கினார். மெதுவாக ஊரும்போது சூடேறினால் காற்றாடியைப் பார்க்கவேண்டுமாம். வேகத்தில் மட்டும் ஏறினால் உள்ளே தண்ணீர் ஓடுவது போதவில்லை என்று அர்த்தமாம். ஒன்றில் ரேடியேற்றர் அடைத்திருக்கும், இல்லையென்றால் தண்ணீரைத் தள்ளுகிற பம்போ, சூட்டுக்குத் திறந்து வழிவிடுகிற வால்வோ பழுதாகியிருக்கும். சொல்லிக்கொண்டே ரேடியேற்றர் மூடியைத் திறந்தார். வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“ரீச்சர், நல்ல தண்ணிதானே விடுறனீங்கள்?”

எங்கள் தீவில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். அது பவுசர் லொறியில் வந்து தாங்கியில் நிறைகிறது. எங்கள் வீட்டுக் கிணறு உவர். குளித்துவிட்டுத் துடைக்காமல் நின்றால் தோலில் வெள்ளை பூக்கும். நாலு வருடமாக நான் ரேடியேற்றருக்கு விட்டது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்ற மனம் வரவில்லை. வள்ளத்து எஞ்சினுக்குள் கடல் தண்ணீரே போய் வருகிறதே, இதற்கு என்ன வந்தது என்றும் ஒரு நினைப்பு.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், நான் விஞ்ஞான ரீச்சர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி வன்னீரைச் சூடாக்கினால் கல் படியும், கேத்தலின் அடியைப் பாருங்கள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள். அவர் கேட்ட அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் ரயரில் இருந்தவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓம் அண்ணை, நல்ல தண்ணிதான்” என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

“ரீச்சர் சொன்னால் சரி.” அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். இந்த வெள்ளை முன்பு வைத்திருந்தவர்களின் வேலையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொன்னார். அத்தோடு ரேடியேற்றரை மறந்துவிட்டார். அன்று வால்வை மாற்றினார். அடுத்த நாள் பம்பையும் கழற்றி மாற்றினார். வெயிலில் காருக்குக் கீழே கிடந்து அந்த மனிதர் செய்த வேலை அத்தனையும் என் ஒரு சொல்லை நம்பிச் செய்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் ஒருவருக்கும் தெரியாமல் மிஞ்சியிருந்த உவர்த்தண்ணீரைத் திறந்துவிட்டு, பவுசர் தண்ணீரை நிரப்பினேன். அத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒருதரம் படிந்த கல், தண்ணீர் மாற்றினால் போகாது என்பது பத்தாம் வகுப்புப் பாடம். மனது கேட்க விரும்பாவிட்டால் படித்த படிப்பு எதற்கும் உதவாது.

இரண்டு கிழமை கழித்துக் கிளிநொச்சியில் ஒரு கலியாணம். எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். மூன்று பேரும் பட்டுச்சேலை. ஆனையிறவு தாண்டியதும் முள் எழும்பியது. நேரம் போகிறதென்று வேகத்தைக் குறைக்காமல் ஓடினேன். பரந்தன் வருமுன் ஆவி அடித்து, கார் நின்றுவிட்டது. வேறு வாகனம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியும் பாதிக்கு மேல் போய்விட்டது. வெயிலில் நின்ற நேரம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். இப்போதுதானே திருத்தினீர்கள் என்று ஒருத்தி கேட்டாள்.

“அந்தாளுக்கு வள்ளத்து எஞ்சின்தான் தெரியும். கழட்டிப் பூட்டிக் காரைப் பழுதாக்கிப்போட்டுது.”

இதைச் சொன்னவள் நான். யாரும் என் வாயிலிருந்து பிடுங்கவில்லை. சொன்னவுடன் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது, அதையும் ஒளிக்கக்கூடாது.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அது கதையாகிவிட்டது. ஒருத்தி சொல்ல மற்றவள் கூட்டிச் சொன்னாள். கேட்டவர்களுக்கு நானும் தலையாட்டினேன். இரண்டு தரம் கை கால் வைத்து நானே சொன்னேன். பள்ளிக்கூட அதிபர் தன் வாகனத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்த் திருத்தினார். பள்ளிக்கூடத்தில் அரைவாசிப் பேரின் மோட்டார் சைக்கிள்கள் அந்தக் கராஜுக்குப் போவதை நிறுத்தின. விஞ்ஞான ரீச்சர் சொன்னால் காரணம் இருக்கும் என்று ஊர் நினைத்தது. நான் அவ்வழியால் போகும்போது கராஜைப் பார்க்காமல் நேரே பார்த்து ஓடப் பழகிக்கொண்டேன்.

காரை யாழ்ப்பாணத்தில் ரேடியேற்றர் மட்டும் திருத்துகிற ஓரிடத்தில் விட்டேன். அங்கு வேலை செய்பவர் ரேடியேற்றரைக் கழற்றி, மேல்மூடியை வெட்டித் திறந்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே குழாய் வாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன.

“நீங்கள் தீவுப் பக்கமோ?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவர் அதைச் சுத்தமாக்கிப் பூட்டித் தந்தார். கார் இப்போது எண்பதிலும் நன்றாக ஓடுகிறது, தொண்ணூறிலும் ஓடும். அந்தக் காரில் ஏறி இருக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு ஊர்காவற்றுறைக் கராஜில் போய் நிறுத்தினேன்.

வாசலில் ஒருவரும் இல்லை. உள்ளே ஒரு வள்ளத்து எஞ்சின் மட்டும் கழற்றிக் கிடந்தது. முன்பு அந்த நேரத்தில் நாலு வாகனமாவது நிற்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் விட்டதை, பொய் சொன்னதை, கலியாணத்தன்று சொன்னதை, பிறகும் சொன்னதை. கடைசியில் மன்னியுங்கோ அண்ணை என்றேன். அவர் கையில் இருந்த துணியை மடித்து வைத்தார். கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“என்னட்டைச் சொல்லி என்ன ரீச்சர்? நான் பிழை விடேல்லையெண்டு எனக்குத் தெரியும். சொன்ன இடத்திலை போய்ச் சொல்லுங்கோ.”

அடுத்த நாள் இடைவேளைக்கு ஆசிரியர் அறையில் எழும்பி நின்றேன். அதிபரும் இருந்தார், கலியாணத்துக்கு வந்த இரண்டு பேரும் இருந்தார்கள். மெக்கானிக்கில் ஒரு பிழையும் இல்லை, ரேடியேற்றருக்கு உவர்த்தண்ணீர் விட்டவள் நான், அவர் கேட்டபோது நல்ல தண்ணி என்று பொய் சொன்னவளும் நான் என்றேன்.

கணித ரீச்சர் சிரித்தார். விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் ரேடியேற்றருக்கு உப்புத்தண்ணி விடுவாவோ என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தில் கழற்றிப் பார்த்தது என்றேன். அப்போதுதான் கலியாணத்தன்று என்னோடு வெயிலில் நின்றவள் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தாள்.

“அந்தாளின்ரை பிழைப்புப் போகுதெண்டு ரீச்சர் பழியைத் தன்ரை தலையிலை போடுறா. இந்த மனம் ஆருக்கு வரும்?”

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். அதிபர், பாவம் அந்த மனிதர், ஆனாலும் வாகனத்தைப் பழுதாக்கினவரிடம் எப்படித் திரும்பக் கொடுப்பது என்றார். யாரோ என் கையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தந்தார்கள். எல்லா முகங்களிலும் என்மேல் ஒரு மரியாதை தெரிந்தது.

மூன்றாம் தரமும் நான் சொல்லியிருக்கவேண்டும். கத்தியாவது சொல்லியிருக்கவேண்டும், கத்துவது எனக்குப் புதிதா என்ன? சொல்லவில்லை. அந்த மரியாதை எனக்கு இதமாக இருந்தது. மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.