பள்ளிக்கூடம் வீடுகளான வருடம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மூடிக் கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தைத் தொடர்மாடி வீடுகளாக மாற்றினார்கள். நான் அங்கே மேற்பார்வை வேலையில் இருந்தேன். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். முகப்பில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. உள்ளே என்ன செய்தாலும் கேட்பாரில்லை. ஒரு வகுப்பறைக்குள் ஒரு ஹோல், இரண்டு அறை, சமையலுக்கு ஒரு குசினி என்று பிரித்தோம். யுத்தத்தால் வடக்கிலிருந்து சனம் வந்துகொண்டே இருந்த காலம். சீமெந்து காய்வதற்கு முன்பே வீடு கேட்டு ஆட்கள் வந்தார்கள். நானோ வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் கட்டிலில் படுத்தெழும்பி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, வேலைக்கு வரும்போதே களைத்திருப்பேன்.

தலைமை மேசன் மலையகத்தில் ஹற்றன் தேயிலைத் தோட்டப் பக்கத்து ஆள். தம்பியோடும் வேறு சில ஊர்க்காரரோடும் மேல்மாடி வகுப்பறையில்தான் தங்கியிருந்தார்.

"மூணாம் வகுப்போட நின்னவன் சார் நான். இப்ப பத்தாம் வகுப்புல படுத்துக் கெடக்கேன்" என்பார்.

ஒரு நாள் காலையில் நான் போனபோது சத்தமே இல்லை. அடுப்பில் பானைச் சோறு பாதி வெந்தபடி இருந்தது. முந்திய நாள் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. விடியப் பொலிஸ் வந்து எல்லோரையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனதாகக் காவலாளி சிங்களத்தில் சொன்னார்.

கட்டட வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் சிங்களவர். நான் செய்தி சொன்னதும் தன் வான் வண்டியில் வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பொலிஸ் நிலைய வாசலில் என்னை இறங்க வேண்டாம் என்றார். "உன்னையும் பிடித்து வைத்துக்கொண்டால் நான் யாருக்காகக் கதைப்பது?" என்று கேட்டார். சரியான கேள்வி. வெயிலில் வானுக்குள்ளேயே இருந்தேன்.

மத்தியானம் எல்லோரையும் விட்டார்கள், தலைமை மேசனைத் தவிர. அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் வவுனியா என்று இருந்ததாம். தாய் தகப்பன் அங்கே கூலி வேலைக்குப் போயிருந்த காலத்தில் பிறந்தவர்; வடக்கில் பிறந்த தமிழன் என்றாலே பொலிஸுக்குச் சந்தேகம். கொந்தராத்துக்காரர் நாள்தோறும் போய்க் கதைத்தார். ஒரு கிழமை கழித்துத்தான் மேசன் வந்தார். முற்றத்துக் குழாயடியில் நெடுநேரம் குளித்தார். பிறகு தம்பி பாதியில் விட்டிருந்த சுவருக்கு முன்னால் வந்து நின்று சாந்தகப்பையை எடுத்தார்.

"இண்டைக்கு ஆறுதலா இருங்கோவன்" என்றேன்.

"சும்மா இருந்தா நெனப்பு ஓடும் சார். இந்தச் செவர முடிச்சிட்டு ஊருக்குப் போயிர்றோம். பெறகு கூப்புடாதீங்க."

"அங்க என்ன வேலை இருக்கு?"

"கொழுந்து மூட்ட தூக்கலாம். அங்க என்னைத் தெரியாத ஆளு இல்ல."

சுவரை முடித்தார், பூசியும் கொடுத்தார். தம்பியையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். மிச்ச வேலையை வேறு ஆட்கள் முடித்தார்கள்.

முதலில் குடிவந்தது யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. தாய், தகப்பன், ஒரு மகள். கனடா விசாவுக்குக் காத்திருந்தார்கள். வீட்டுக் கதவுத் திறப்பைக் கொடுக்கப் போனேன். தாய் உயர்ந்த ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார்.

"இதென்ன தம்பி, பள்ளிக்கூடம் மாதிரிக் கிடக்கு?"

"பள்ளிக்கூடம்தான் அக்கா."

கட்டிவைத்திருந்த மெத்தைச் சுருளின் மேல் மெல்ல இருந்தார். "இடம்பெயர்ந்து ரெண்டு தரம் பள்ளிக்கூடத்திலதான் கிடந்தனாங்கள். இப்ப காசு குடுத்தும் பள்ளிக்கூடம்தானோ" என்றார்.

மகள் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. நான் குசினிக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அடுத்த நாள் தெஹிவளையில் வேறொரு கட்டடத்தில் வேலை தொடங்கவிருந்தது.