நேரம் தவறிக் கேட்ட குரல்

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மண்டபம். சிறந்த மக்கள் தொடர்புப் பணிக்காக மாகாண அளவில் கொடுக்கும் விருது, வடமராட்சிக் கரையில் இருக்கும் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கிடைத்திருந்தது.

சங்கத்தில் மக்கள் தொடர்பு வேலையைப் பார்ப்பவள் நான். முன்பு வானிலை எச்சரிக்கை வந்தால் அதை அப்படியே அச்சடித்துப் பலகையில் ஒட்டுவோம். ஒருவரும் வாசிப்பதில்லை. பிறகுதான், தொழிலை விட்டுக் கரையில் இருந்த ஓர் அண்ணையைப் பிடித்து ஒலிபெருக்கியில் பேச வைத்தேன். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன், ஒரே நேரத்தில். "பொடியள், இண்டைக்குக் காத்து சரியில்லை. வலையை மடிச்சு வையுங்கோ" என்று அவர் சொன்னால் ஒரு படகும் இறங்காது. விருது அதற்குத்தான்.

எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் எனக்கு. பஸ் ஏற்பாடு, மேடையில் யார் முதலில் ஏறுவது, அண்ணையின் வேட்டியைத் தேய்த்து மினுக்கி வைப்பது வரை எல்லாம் பார்த்திருந்தேன். அன்று மதியம் "காத்து நல்லது" என்று அறிவித்துவிட்டு, ஒலிபெருக்கி அறையைப் பூட்டி, அந்தப் பூட்டின் ஒரே திறப்பை வழக்கம்போல மடியில் செருகிக்கொண்டு அண்ணை பஸ்ஸில் ஏறினார். நிர்வாகிகள் எல்லோரும் அதே பஸ்ஸில். கரையில் ஒருவரையாவது விட்டுவிட்டு வருவோம் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

விழா தொடங்கிச் சிறிது நேரத்தில் என் கைப்பேசி அதிர்ந்தது. வானிலை எச்சரிக்கை. வடக்குக் கடலில் திடீரென்று பலத்த காற்று. யாரும் இறங்க வேண்டாம், இறங்கியவர்கள் உடனே திரும்பவும். மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். வலை விடப் போகிறவர்கள் படகைத் தள்ளும் நேரம்.

அண்ணையிடம் காட்டினேன். அவர் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐயோ தங்கச்சி, திறப்பு இஞ்சையெல்லே கிடக்கு."

இருவரும் வெளி விறாந்தைக்கு ஓடினோம். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, அன்றிரவு விருந்துக்குச் சமைக்கவென்று ஊரில் நின்றுவிட்டிருந்தார். நல்ல வேளை, அண்ணை கைப்பேசியில் அழைத்ததும் உடனே எடுத்தார்.

"கோடாலியை எடுத்துக்கொண்டு ஓடு. சங்கத்துப் பூட்டை உடை."

"விசரோ உங்களுக்கு? விருது வாங்கப் போன மனுசன் பூட்டு உடைக்கச் சொல்லுறார்!"

"பகிடி இல்லையப்பா. காத்து வருது."

அதற்குப் பிறகு அக்கா வாதாடவில்லை. ஓடும் மூச்சிரைப்பு கேட்டது. பிறகு இரும்பில் கோடாலி விழும் சத்தம். நடுவில் அவர் குரல் உடைந்தது. "மூண்டு போட் இறங்கிட்டுது. அதிலை ஒண்டு என்ரை தம்பியின்ரை."

பூட்டு விழுந்தது. அக்கா கைப்பேசியை ஒலிவாங்கியோடு சேர்த்துப் பிடித்தார். அண்ணை விறாந்தையில் நின்று, எல்லோரையும் திரும்பி வரச் சொல்லிக் கத்தினார். உள்ளே எங்கள் சங்கத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். கைதட்டல் நின்று, தலைகள் வாசலைப் பார்த்துத் திரும்பின. நான் உள்ளே போகவில்லை. முன்பு தாங்களே வானத்தைப் பார்த்து முடிவெடுத்த மனிதர்கள், அந்தப் படகுகளில் போனவர்கள். அன்று எங்களை நம்பி இறங்கியிருந்தார்கள். காற்று நல்லது என்று நாங்கள்தானே சொன்னோம்.

விருதை யார் போய் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பும் பஸ்ஸில் அது யாரோ ஒருவரின் மடியில் கிடந்தது. மழை கண்ணாடியில் அறைந்தது. இரண்டு படகுகள் திரும்பிவிட்டதாகப் பாதி வழியில் செய்தி வந்தது. அக்காவின் தம்பி வரவில்லை. அவருடைய கைப்பேசிக்கும் அழைப்புப் போகவில்லை. அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் பார்க்கவே பயந்தேன்.

கரையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா மழையில் நனைந்தபடி நின்றார். கோடாலியைக்கூடக் கீழே வைக்கவில்லை. கடல் வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ, திடீரென்று அக்கா கையை உயர்த்தினார். பிறகுதான் எங்களுக்கும் இயந்திரச் சத்தம் கேட்டது.

படகை இழுத்துப் போட்டதும் தம்பி மணலில் குந்திவிட்டார். குளிரில் பல் கிடுகிடுக்கச் சொன்னார்: "அத்தான், காத்திலை நீங்கள் சொன்னது ஒரு சொல்லும் விளங்கேல்லை. மத்தியானம் கத்துற ஆள் பின்னேரம் என்னத்துக்குக் கத்துறார் எண்டு யோசிச்சன். போட்டைத் திருப்பினன்."

அக்கா அழுகையும் சிரிப்புமாக, "கத்தினது உவர், உடைச்சது நான். விருதை இஞ்சாலை தாங்கோ" என்றார்.

இப்போது இன்னொரு திறப்பு அக்கா வீட்டில் தொங்குகிறது. நாங்கள் எல்லோரும் ஒன்றாக ஊரைவிட்டுப் போவதில்லை. விருது சங்கத்து அலுமாரியில் இருக்கிறது. ஆனாலும், மதியத்தில் அண்ணை "காத்து நல்லது" என்று சொல்லும் ஒவ்வொரு நாளும், அந்தக் குரலை நம்பிப் படகு தள்ளப் போகிறவர்களை நினைத்து எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது; அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றும் நினைத்துக்கொள்கிறேன்.