இடது பக்கத்து ஓட்டுநர்

என் தங்கையின் கணவர் ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருக்கிறார். நான் காஞ்சிபுரத்தில் பட்டுக்கு டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அதை அட்டையில் துளைகளாகக் குத்திக் கொடுப்பேன். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்தத் துளைகளுக்கு ஏற்றபடி நூலைத் தூக்கும். அவருக்குப் பீரங்கி தெரியும், எனக்குத் தறி தெரியும். அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. வேலை செய்யும்போது திரையின் ஒரு மூலையில் ஆயுத வீடியோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் பாட்டு கேட்பார்கள், நான் பீரங்கி கேட்பேன். அதிலும் சங்கிலிப் பட்டையில் தானாக ஓடும் ஹோவிட்சர் என்றால் சோறு தண்ணி வேண்டாம். குழலின் வாய் நூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். குழலின் நீளம் அதைப்போல ஐம்பத்திரண்டு மடங்கு, அதாவது எட்டு மீட்டர். எடை நாற்பத்தேழு டன். அதை இழுக்க ஆயிரம் குதிரைத் திறன் எஞ்சின். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலக்கை அடிக்கும். அவசரத்துக்குப் பதினைந்து விநாடியில் மூன்று குண்டுகள். இன்னொரு வித்தையும் இருக்கிறது: ஒரே குழலிலிருந்து வேறு வேறு கோணத்தில் அடுத்தடுத்துச் சுட்டு, எல்லாக் குண்டுகளையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழவைக்கும். வேகமாகத் தாழப் போவதும், மெதுவாக உயரப் போவதும் ஒன்றாகப் போய்ச் சேரும். இதையெல்லாம் டீக்கடையிலும் சொல்வேன், கல்யாணப் பந்தியிலும் சொல்வேன். யாரும் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

இந்த வண்டிக்குள்தான் என் தங்கை கணவர் குண்டு ஏற்றுகிறார் என்பதுதான் வேடிக்கை. ஒரு குண்டு நாற்பது கிலோவுக்கு மேல். அவர் லீவில் வரும்போதெல்லாம் நான் அவருக்குப் பீரங்கி பாடம் நடத்துவேன். அவர் வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம், அதிர்ந்து பேச மாட்டார். "அப்டியா மச்சான்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பொறுமையை நான் என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு லீவில் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"மச்சான், எங்க வண்டியில அஞ்சு பேரு. நாங்க நாலு பேரு மேல டரெட்டுக் கூண்டுக்குள்ள இருப்போம். டிரைவரு மட்டும் முன்னால இடது பக்கம், எஞ்சினுக்குப் பக்கத்துல தனியா உக்காந்துக்கினு இருப்பாரு. அவரு இப்ப ரிட்டயர் ஆவுறாரு. நாங்க நாலு பேரும் சேர்ந்து அவருக்குப் பட்டுல நம்ம வண்டிய நெய்து குடுக்கலாம்னு இருக்கோம். நம்பர், பேரு எதுவும் போடக் கூடாது. வண்டி மட்டும் போதும்."

"போட்டுடலாம் மாப்ள. இது எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"மேலேருந்து பாக்குற மாதிரி போடுங்க மச்சான். அப்பத்தான் அவரு உக்கார்ற இடம் தெரியும். சுட்டு முடிச்ச உடனே எதிராளி ரேடாரு நாங்க எங்க நிக்கிறோம்னு கண்டுபுடிச்சிடும். அவன் திருப்பி அடிக்கிறதுக்குள்ள அங்கேருந்து கிளம்பிடணும். அது அவரு கையிலதான் இருக்குது. கடைசிக் குண்டு போன சத்தம் அடங்குறதுக்குள்ள வண்டி நவுந்துடும். நாங்க ஒரு தடவகூட அவர கூப்பிட்டுச் சொன்னதில்ல."

"இதத்தான் நான் போன தடவையே உங்களுக்கு விளக்கினேனே" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

படம் நன்றாகவே வந்தது. அதை மறைக்க மாட்டேன். மேலே நோக்கிய நீண்ட குழல், அதன் நடுவில் புகையை வெளியேற்றும் புடைப்பு, நுனியில் பின்னுதைப்பைக் குறைக்கும் துளைகள், இரண்டு ஓரங்களிலும் சங்கிலிப் பட்டை. முன்பகுதியில் இடது பக்கம் திறந்த வட்ட மூடி, அதற்குள் ஹெல்மெட் போட்ட ஒரு தலை. வலது பக்கம் எஞ்சினின் கம்பித் தடுப்பு. மாப்பிள்ளை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அந்தத் தலையின்மேல் விரலை வைத்து, "இவருதான்" என்றார்.

நெய்தது பிள்ளையார்பாளையத்தில் ஓர் அக்கா. எனக்குத் தெரிந்து ஜரிகையில் அவரைப் போலக் கை ஓடுகிறவர்கள் குறைவு. அவர் தறியில் ஜரிகை அதிகம் வரும் துணியை முகம் கீழே இருக்கும்படி நெய்வார்கள். அப்போதுதான் தூக்க வேண்டிய நூல் குறையும். நெய்கிறவருக்கு மேலே தெரிவது துணியின் முதுகு. முகத்தைப் பார்ப்பதற்குத் தறிக்கு அடியில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள்.

இப்படி நெய்யும்போது டிசைன்காரன் மறக்கக் கூடாத ஒரு காரியம் உண்டு. அட்டை குத்துவதற்கு முன்னால் படத்தை இடவலமாகத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் முகத்தில் எல்லாம் மாறி விழும். ஆனால் நாங்கள் போடுவது மாங்காய், சோடி மயில், கோபுரம். திருப்பினாலும் ஒன்றுதான், திருப்பாவிட்டாலும் ஒன்றுதான். கல்யாணப் புடவையில் பெண், மாப்பிள்ளை பெயர் வந்தால் மட்டும் கை தானாகத் திருப்பிவிடும், எழுத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிடும். இந்தத் துணியில் எழுத்து இல்லை. நான் திருப்பவில்லை.

பாதி நெய்திருந்தபோது மாப்பிள்ளையைத் தறிக்கு அழைத்துப் போனேன். பெருமைதான், வேறென்ன. அடுத்த தறிக்காரர்களும் வந்து சுற்றி நின்றார்கள். ராணுவக்காரர் வந்திருக்கிறார், பீரங்கி நெய்கிறார்கள் என்றால் கூட்டம் வராதா? நான் குழலில் ஆரம்பித்து எஞ்சின்வரை விளக்கிக்கொண்டிருந்தேன். "மத்த பீரங்கி மாதிரி மண்ணுல முளை அடிச்சு ஊன வேண்டியதில்ல. நின்ன அரை நிமிஷத்துல சுடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மேலே துணியைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

"மச்சான், மேலயும் ஆளு இடது பக்கம் இருக்காரு, கண்ணாடியிலயும் இடது பக்கமே இருக்காரு. அப்ப துணியத் திருப்புனா வலது பக்கம் போயிட மாட்டாரா?"

அக்காவின் கை நின்றது. "ஆமாம்பா, எழுத்து நெய்யும்போது கண்ணாடியில திரும்பித்தான் தெரி..." என்று அவர் ஆரம்பித்தார்.

நான் முடிக்க விடவில்லை. "அது எழுத்து அக்கா, இது வண்டி" என்றேன். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "மாப்ள, நீங்க குண்டு ஏத்துறதோட நில்லுங்க. தறி வேலைய எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். எழுந்து பேன்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். அக்கா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளினார். அட்டை உன்னுடையது, பொறுப்பும் உன்னுடையது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அது அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளை புறப்படுவதற்கு முதல் நாள் துணியைத் தறியிலிருந்து அறுத்தோம். அக்கா அதைத் திருப்பி என் மடியில் போட்டார். அரக்கு நிறப் பட்டில் தங்க ஜரிகை அப்படி ஜொலித்தது. ஓட்டுநர் வலது பக்கம் இருந்தார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாப்பா பண்ணலாம்?" என்றார் அக்கா. "திரும்ப நெய்யணும்னா ஒம்போது நாளு ஆவும். அவருகிட்ட சொல்லிட்டு அப்பறமா பார்சல்ல அனுப்பு."

அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும்: தப்பு என்மேல்தான் மாப்ள, பத்து நாளில் அனுப்பிவைக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அவரை அப்படிப் பேசிவிட்டு இதை எந்த முகத்தோடு சொல்வது? யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கிலியும் குழலும் இரண்டு பக்கமும் ஒன்றுதானே, ஒரு சின்ன வட்டம்தானே மாறியிருக்கிறது என்றேன். அந்த வட்டத்தில்தான் அவர் விரலை வைத்து "இவருதான்" என்றார் என்பது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

துணியை முகம் உள்பக்கமாகச் சுருட்டி, மேலே மல் துணி சுற்றி, அட்டைக் குழாயில் போட்டு டேப் ஒட்டினேன். செவிலிமேட்டில் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வழியில பிரிக்காதீங்க மாப்ள, ஜரிகை கலைஞ்சிடும்" என்றேன். சுருட்டிய ஜரிகை கலையாது. இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் மச்சான்" என்றார். தங்கை காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ண்ணா, அண்ணி, இங்க வந்து பாருங்களேன், இந்த மனுஷன் பண்ண கூத்த!"

செல்போனில் வழியனுப்பு விழா வீடியோ. தலை நரைத்த ஓட்டுநர் கையில் கண்ணாடி போட்ட பெரிய ஃப்ரேம். உள்ளே நான் போட்ட வண்டி. துணியின் முதுகு வெளியே தெரியும்படி ஃப்ரேம் போட்டிருந்தார்கள். பளபளப்பு இல்லை. உருவம் மங்கல். ஓரமெல்லாம் வெட்டிய ஜரிகையின் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. எந்த டிசைன்காரனும் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைக்கிற பக்கம் அது. ஆனால் ஓட்டுநர் இடது பக்கம் இருந்தார். அந்த மனிதர் கண்ணாடியின்மேல் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு போய், சரியாக அந்த வட்டத்தில் நிறுத்தினார். ஏதோ இந்தியில் சொன்னார். சுற்றி நின்ற நாலு பேரும் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். என் மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பின்பக்கத்த முன்னால வெச்சு ஃப்ரேம் போட்டிருக்காரு ண்ணா! காஞ்சிபுரத்துல பொண்ணு கட்டியும் பட்டுக்கு எது முகம், எது முதுகுன்னு தெரியல பாரேன்!"

என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை. "அவருக்கு இன்னாம்மா தெரியும் பட்டைப் பத்தி, பாவம்" என்றேன்.

அந்த வாரமே அவர் போன் பண்ணினார். "மச்சான், நெய்த அக்காகிட்ட சொல்லிடுங்க. டிரைவருக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

"தப்ப எப்ப பாத்தீங்க மாப்ள?" என்று கேட்டேன்.

"ட்ரெயின்லயே பிரிச்சுப் பாத்துட்டேன். நீங்க பிரிக்க வேணாம்னு சொன்னப்பவே தெரிஞ்சுது." பிறகு அவரே சொன்னார்: "விடுங்க மச்சான். அவரு இடது பக்கம் இருக்காரு. அது போதும்."

"தங்கச்சி உங்களத்தான் கிண்டல் பண்ணிக்கினு இருக்குது..."

"பண்ணட்டும். உங்க வேலையில தப்பு வந்துச்சுன்னா ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. எனக்குப் பட்டு தெரியாதுன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

மன்னிப்பு கேட்க வேண்டிய இடம் அது. "சரிங்க மாப்ள" என்று சொல்லி போனை வைத்தேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சரியாகத் திருப்பி இன்னொரு துணி நெய்து அனுப்புகிறேன் என்று பிறகு ஒரு நாள் சொன்னேன். ஓட்டுநர் அதை ஃப்ரேம் பிரித்துக் கொடுக்க மாட்டார் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். எங்கேயோ ஒரு வீட்டுக் கூடத்தில் என் வேலையின் முதுகு தொங்கிக்கொண்டிருக்கிறது. அது எனக்குத் தகும். ஆனால் தங்கை அந்தக் கதையை விடவில்லை. போன மாதம் ஒரு காதுகுத்துக்கு மாப்பிள்ளை லீவில் வந்திருந்தார். பந்தியில் எல்லோருக்கும் முன்னால் அவள் மறுபடி அதைச் சொன்னாள். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த நான், சாம்பார் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினேன்.

வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பீரங்கியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற வாய் இது. அதனால்தான் எழுதிவிட்டேன். இது அச்சானதும் முதல் பிரதியைச் செவிலிமேட்டுக்கு நானே கொண்டுபோய்த் தங்கை கையில் கொடுப்பேன். அவள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.